லயமும் விளையாட்டுப் பெட்டியும்

சென்ற ஆண்டின் இறுதித் தவணையில் நமது பாடசாலையில் ஒரு கட்டுரைப் போட்டி நடந்தது. "கைத்தொலைபேசி விளையாட்டுக்களும் மாணவர் சீரழிவும்" என்பது தலைப்பு. தீர்ப்புத் தலைப்பிலேயே எழுதப்பட்டிருந்தபடியால் பிள்ளைகள் அதிகம் சிந்திக்க வேண்டியிருக்கவில்லை. தமிழாசிரியர் என்ற முறையில் 42 கட்டுரைகளையும் முதலில் படித்துத் தரம் பிரிக்கும் பணி நம்மிடம் வந்தது. நமுனுகுல மலையிலிருந்து மூடுபனி இறங்கிப் பசறைக் கடைவீதியை மறைத்துவிட்ட ஒரு சனிக்கிழமை மாலையில், தேநீரும் சிவப்புப் பேனாவுமாக அமர்ந்தோம். முதல் ஐந்து கட்டுரைகளைப் படித்ததும் மற்றவற்றை ஊகித்துவிட முடிந்தது. கண் கெடுகிறது, காலம் கெடுகிறது, பரீட்சைப் பெறுபேறு கெடுகிறது. ஆகவே மாணவர்களே, விழித்தெழுங்கள்! சில கட்டுரைகளில் ஒரே எழுத்துப்பிழை ஒரே இடத்தில் வந்திருந்தது. கைத்தொலைபேசியின் தீமைகளைக் கைத்தொலைபேசியிலேயே தேடிப் படியெடுத்திருக்கிறார்கள் என்பது விளங்கியது.

ஒரு கட்டுரை மட்டும் ஒன்றரைப் பக்கத்தில் நின்றுவிட்டது. பதினோராம் தரத்து மாணவன் ஒருவன் எழுதியது. "எங்கள் வீட்டிலுள்ள தொலைபேசி எங்களுடையதல்ல" என்று அது தொடங்கியது. அவனுடைய தாய் கொழுந்தெடுக்கும் தொழிலாளி. பாடசாலை அறிவித்தல்களும் பாடக்குறிப்புக்களும் இப்போது தொலைபேசிக் குழுக்களின் வழியாகவே வருவதனால், முற்பணம் கட்டித் தவணை முறையில் ஒரு தொலைபேசி வாங்கியிருக்கிறார். வரட்சியில் கொழுந்து குறைந்தது, வேலைநாள் குறைந்தது, நிறை போதாத நாட்களில் அரைப்பேர் விழுந்தது. இரண்டு மாதத் தவணைப் பணம் பிந்தியது. ஒரு நாள் காலையில் தொலைபேசி தானாகவே பூட்டிக்கொண்டது. கடைக்காரர் வந்து கேட்கவுமில்லை, கடிதம் அனுப்பவுமில்லை. கட்ட வேண்டிய தொகை மட்டும் திரையில் நின்றது. பையன் இப்படி முடித்திருந்தான்: "விளையாட்டினால் நான் கெட்டுப்போனேன் என்று எழுத எனக்கும் விருப்பம். ஆனால் விளையாடுவதற்கு அது திறக்க வேண்டுமே."

அந்தக் கட்டுரைக்கு எத்தனை புள்ளி இடுவதென்று தெரியாமல் பேனாவை மூடி வைத்தோம்.

இவ்விடத்தில் ஓர் உண்மையை ஒப்புக்கொள்வது நேர்மையாகும். நாமும் ஒரு விளையாட்டுக்காரர். பயிற்சிக் கொப்பிகளைத் திருத்தி முடித்த இரவுகளில், பழைய பிளேஸ்டேஷன் பெட்டியொன்றை முடுக்கிவிட்டு ஒன்றரை மணி நேரம் வேறோர் உலகில் திரிவது நமது வழக்கம். ஆசிரியர் ஓய்வறையில் இதை நாம் சொல்வதில்லை. தொல்காப்பியம் படித்தவர் துப்பாக்கி ஏந்தித் திரையில் ஓடுகிறார் என்றால் நகைக்கமாட்டார்களா? துடுப்பாட்டப் போட்டியை நாள் முழுவதும் தொலைக்காட்சியில் பார்ப்பவர் இரசிகர். திரையில் தாமே ஆடுபவர் சீரழிந்தவர். இந்தக் கணக்கு நமக்கு என்றுமே விளங்கியதில்லை.

நமது பித்துக்கு ஒரு தொடக்கம் உண்டு. நாம் பிறந்தது இருபது காம்பரா லயமொன்றில். 1999ஆம் ஆண்டுத் தீபாவளிக்கு, கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்த மாமா ஒரு 'டீ.வி. கேம்' கொண்டுவந்தார். அதன் மூலம் எதுவென்று பின்னாளிலேயே அறிந்தோம். 1983 ஜூலையில் ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் 'பேமிகொம்' என்ற பெட்டியை 14,800 யென் விலைக்கு வெளியிட்டது. பின்னர் அதன் அமைப்பைப் பார்த்து எண்ணற்ற போலிப் பெட்டிகள் ஆசியாவெங்கும் மலிவு விலையில் பரவின. நமது லயத்துக்கு வந்தது அந்தப் போலிகளின் போலி. ஒரு கெசட்டில் பல்லாயிரம் விளையாட்டுக்கள் என்று அட்டையில் அச்சிட்டிருந்தார்கள். எண்ணிப் பார்த்தால் ஏழோ எட்டோ தேறும். ஆயினும் இருபது காம்பராப் பிள்ளைகளும் அந்த ஒரு பெட்டியில் ஆடினோம். முறை வைத்து ஆடினோம். ஓர் உயிர் போனால் ஜோய்ஸ்டிக் அடுத்தவன் கைக்குப் போக வேண்டும் என்பது சட்டம். பெரட்டுக்குப் போகும் நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் பெரியவர்களும் வாசலில் நின்று பார்த்தார்கள்.

மூன்றாம் மாதம் பெட்டி செத்துப்போயிற்று. அதை ஒரு சீலைப் பையில் சுற்றிக்கொண்டு பசறைக்கு நடந்தோம். கடைவீதியின் கோடியில் வானொலி திருத்தும் நானா ஒருவர் இருந்தார். அவர் அத்தகைய பெட்டியை அதற்கு முன் திறந்ததில்லை. "வானொலியோ வேறெதுவோ, கரண்ட் எங்கே நுழைந்து எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டியதுதான் மகன்" என்று சொல்லித் திருகாணிகளைக் கழற்றினார். அறுந்திருந்த ஒரு கம்பியைக் காட்டி, ஈயம் வைத்து ஒட்டி, பெட்டியை நம் கையில் தந்தார். ஒரு பொருளின் உள்ளே என்ன இருக்கிறது என்பதை நாம் முதன்முதலாகக் கண்ட நாள் அது. பாடசாலையின் விஞ்ஞான ஆய்வுகூடம் எப்போதும் பூட்டியே கிடந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

அந்தப் போலிப் பெட்டியை நாம் புகழவில்லை. பிறருடைய உழைப்பைத் திருடிச் செய்த பண்டம் அது. ஜோய்ஸ்டிக்கின் பொத்தான்கள் ஒரு மாதத்தில் அமுங்கிப்போயின. ஆயினும் ஒன்றை மறுப்பதற்கில்லை. காசு கொடுத்த பின் அது முழுமையாக நம்முடையதாயிருந்தது. திறந்தோம், ஒட்டினோம், இரவல் கொடுத்தோம், கெசட்டை அடுத்த டிவிஷன் பையன்களுடன் மாற்றிக்கொண்டோம். எவரிடமும் அனுமதி கேட்கவில்லை.

பேமிகொம் செய்த நிறுவனத்தைப் பற்றிப் பேசும்போது குன்பேய் யோகோய் என்ற மனிதரைக் குறிப்பிடாமல் செல்ல மனம் வரவில்லை. 1965இல் அவர் நிண்டெண்டோவில் சேர்ந்தபோது அது சீட்டுக்கட்டுச் செய்யும் கொம்பனி. சீட்டுக்கட்டு இயந்திரங்களைப் பராமரிப்பது அவருடைய வேலை. ஓய்வு நேரத்தில், நீண்டு சென்று பொருளைப் பற்றும் ஒரு கைப்பொறியைத் தம் பொழுதுபோக்குக்காகச் செய்துகொண்டார். கொம்பனித் தலைவர் அதைக் கண்டு விளையாட்டுப் பொருளாக விற்பனைக்கு விட்டார்; பத்து இலட்சத்துக்கு மேல் விற்றது. அந்தப் பராமரிப்புத் தொழிலாளியே 1989இல் 'கேம் போய்' என்ற கையடக்கப் பெட்டி உருவாவதற்கு முன்னின்றவர். விலை மலிந்து, நன்கு பழகிப்போன பழைய தொழில்நுட்பத்தைப் புதிய வழியில் பயன்படுத்த வேண்டும் என்பது அவர் கொள்கை. போட்டிக் கொம்பனிகள் வண்ணத் திரையோடு வந்தன. அவற்றின் ஆறு பற்றரிகளும் சில மணி நேரத்தில் தீர்ந்தன. யோகோயின் பெட்டிக்கு வண்ணமில்லை, வெளிச்சமில்லை; நான்கு பென்டோர்ச் பற்றரியில் அது பத்து மணி நேரத்துக்கும் மேல் ஓடிற்று. சந்தையில் நிலைத்து நின்றது அதுவே. 2022 மார்ச் 31ஆம் தேதி நாடு முழுவதும் 13 மணி நேரம் மின்சாரம் துண்டிக்கப்பட்டு, நமது பிளேஸ்டேஷன் வெறும் கறுப்புப் பெட்டியாய்க் கிடந்த இருளில், அந்த மனிதரை நன்றியோடு நினைத்துக்கொண்டோம்.

நிற்க. பேராதனையில் படித்த காலத்தில் நண்பர் ஒருவரிடமிருந்து பிளேஸ்டேஷன் 2 ஒன்றைப் பழைய விலைக்கு வாங்கினோம். 2000ஆம் ஆண்டில் வெளிவந்து, உலகில் 15 கோடிக்கு மேல் விற்ற பெட்டி அது. அதில் திரைப்படத் தட்டும் ஓடும் என்பதால் விடுமுறையில் லயத்துக்குக் கொண்டுபோனபோது கிழவிமாரும் அதற்கு இரசிகர்களாயினர். ஆசிரியர் நியமனம் கிடைத்த பின் பிளேஸ்டேஷன் 4ஐயும் பழையதாகவே வாங்கினோம். அதன் வன்தட்டுப் பழுதானபோது சில திருகாணிகளைக் கழற்றி நாமே புதியதை மாற்றினோம். அதற்கு இடம் வைத்து அமைத்தவர்களைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் காற்று எத்திசையில் வீசுகிறது என்பது அதற்கு முன்னரே தெரிந்துவிட்டது.

2010 ஏப்ரலில் சோனி நிறுவனம் பிளேஸ்டேஷன் 3க்கு ஒரு புதுப்பிப்பை அனுப்பியது. அதுவரை அந்தப் பெட்டியில் வேறோர் இயங்குதளத்தை நிறுவிக் கணினியாகவும் பயன்படுத்த முடிந்தது. விற்கும்போது சொல்லி விற்ற வசதி அது. புதுப்பிப்பை ஏற்றவரின் பெட்டியில் அந்த வசதி மறைந்தது. ஏற்க மறுத்தவர் இணையத்தில் பிறருடன் ஆட முடியாது போயிற்று. விற்ற மாட்டின் மடியை வீடு தேடி வந்து அறுப்பது போன்ற செயல் இது. 2024 மார்ச் 31இல் யூபிசொப்ட் நிறுவனம் 'த க்ரூ' என்ற காரோட்ட விளையாட்டின் சேவையகங்களை நிறுத்தியது. தனியாக ஆட விரும்பியவனும் அதன்பின் ஆட முடியவில்லை. அவன் காசு கொடுத்த தட்டு அலமாரியில் இருந்தது. அதில் விளையாட்டு இல்லை. இதனாற் கிளர்ந்த எதிர்ப்பு ஐரோப்பாவில் ஒரு குடிமக்கள் மனுவாக உருவெடுத்து, 2025 ஜூலையில் பத்து இலட்சம் கையொப்பங்களைக் கடந்தது. கலிபோர்னியாவில் 2025 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த சட்டமொன்று, வெறும் உரிமத்தை விற்கும் கடை 'வாங்குக' என்று எழுதுவதானால், அது உரிமம் மட்டுமே என்பதையும் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்கிறது. 2024 நவம்பரில் ஏறத்தாழ 700 டொலர் விலையில் வந்த பிளேஸ்டேஷன் 5 புரோவில் தட்டுப் போடும் வாயே இல்லை. வேண்டுமானால் தனியாக வாங்கிப் பொருத்த வேண்டும். தட்டு இல்லையேல் இரவல் இல்லை. பழைய விலையும் இல்லை. நம்மைப் போன்றவர்கள் இந்த உலகுக்குள் நுழைந்த வாசல் அந்தப் பழைய விலைதான்.

உரிமம் என்ற சொல் லயத்தில் பிறந்தவனுக்குப் புதிதன்று. நமது பாட்டனார் இருந்த அதே காம்பராவில் தந்தையார் இருந்தார். நாமும் அதிலேயே பிறந்தோம். தரைக்குச் சீமெந்து போட்டது நமது காசு. பின்புறம் ஒரு சமையற்கட்டை இழுத்துக் கட்டியது நமது உழைப்பு. அதற்கும் துரையிடம் அனுமதி பெற வேண்டியிருந்தது. வாசற் பலாமரம் பாட்டி நட்டது. ஆயினும் காம்பராவுக்குக் காகிதம் இல்லை. குடும்பத்தில் ஒருவராவது தோட்டத்தில் பேர் பதிந்திருக்கும் வரை அதில் இருக்கலாம் என்பதே நடைமுறை. கடிதம் தோட்டத்து அலுவலகத்துக்கு வரும். அங்கிருந்து எப்போது கைக்கு வரும் என்பது வேறு கதை. பெட்டிக்கு வேண்டிய ஓர் உதிரிப்பாகத்தை லயத்து முகவரிக்கு வரவழைத்துவிட்டு மூன்று வாரம் காத்திருந்த அநுபவம் நமக்குண்டு. 1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் தனியார் கொம்பனிகளிடம் சென்றது. கைகள் மாறின, காம்பராவில் இருந்தவருக்குக் காகிதம் வரவில்லை. 2023இல் மலையகத்தாரின் இருநூறு ஆண்டுகளை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்தபோதும் காணியுரிமையும் வீட்டுரிமையும் கோரிக்கைகளாகவே இருந்தன.

ஆகவே, விலை கொடுத்தும் சொந்தமாகாத பொருளைப் பற்றி அமெரிக்க இளைஞன் இன்று வியந்து கோபிக்கும்போது, அவன் நமது லயத்தின் வாசலுக்கு வந்து நிற்கிறான் என்றே நமக்குத் தோன்றுகிறது. அவன் இழந்தது ஒரு விளையாட்டு. நம்மவர் இழந்து வருவது வீடு. இரண்டையும் ஒரே தராசில் நிறுப்பது தகாது. ஆனால் தராசுக்காரன் ஒருவனே அல்லவா?

அந்தப் பையனின் தொலைபேசியில் நாம் கண்டது இன்னும் பழையதொரு வழக்கம். இலங்கைத் தோட்டங்களில் ஒரு காலத்தில் 'துண்டு' என்றொரு சீட்டு இருந்தது. இன்ன தொகைக் கடனைத் தீர்த்தால் இத்தொழிலாளரை விடுவிப்போம் என்று ஒரு தோட்டம் எழுதிக் கொடுக்கும்; அடுத்த தோட்டம் அந்தக் கடனை ஏற்று ஆளை எடுக்கும். கடனோடு மனிதர் கைமாறினர். 1921ஆம் ஆண்டுச் சட்டம் துண்டை ஒழித்தது. அன்று கடன்பட்டவர் தோட்டத்தை விட்டு நகர முடியாது; இன்று கடன்பட்டவரின் கையிலுள்ள கருவி நகராது. கடனை வசூலிப்பது நியாயமே என்று ஒரு நண்பர் வாதிட்டார். வசூலிக்கட்டும். ஆனால் பரீட்சைக்கு இரு வாரம் இருக்கையில் ஒரு பிள்ளையின் பாடக்குறிப்பையும், தாய்க்கு வைத்தியசாலையில் கொடுத்த திகதியையும், கொழும்பில் வேலை செய்யும் தகப்பனின் இலக்கத்தையும் சேர்த்துப் பூட்டும் உரிமையை எந்த நீதிமன்றம் கொடுத்தது? ஒரு கதிரையைத் தவணைக்கு வாங்கினாலும் எடுத்துச் செல்ல ஆள் வர வேண்டும். வந்தவன் முகத்தைப் பார்த்து ஒரு மாதம் பொறுக்கும்படி கேட்கலாம். பூட்டுக்கு முகம் இல்லை.

விலைக் கணக்கையும் சற்றுப் பார்ப்போம். 2024 செப்டம்பரில் தேயிலைத் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாய் என்று வர்த்தமானியில் வந்தது. 2025 ஆகஸ்டில் அமெரிக்காவில் பிளேஸ்டேஷன் 5இன் விலை 50 டொலர் உயர்ந்து 550 டொலரளவில் நின்றது. டொலர் 300 ரூபாய் என்று கொண்டாலும், தீர்வையும் வரியும் சேராமலே, 122 நாட்சம்பளம். மாதம் 25 நாள் வேலை கிடைத்து, ஒரு பிடி அரிசியும் வாங்காதிருந்தால் ஐந்து மாதத்தில் வாங்கலாம்! ஆகவே தோட்டத்துப் பிள்ளைக்குக் கிடைப்பது 'இலவச' விளையாட்டுத்தான். 2017இல் வந்த 'பிரீ பயர்' அத்தகையது. ஆட்டம் இலவசம், ஆடையும் அலங்காரத் துப்பாக்கியும் வேண்டுமானால் வைரம் வாங்க வேண்டும். ரீலோட் போடக் கொடுத்த காசு வைரமாக மாறிய கதைகள் நமது வகுப்பிலேயே உண்டு. இதில் சக ஆசிரியர்களின் கோபம் முழுவதும் தவறென்று நாம் சொல்லமாட்டோம். ஆனால் அவர்கள் பிள்ளையின் பேராசையைக் காண்கிறார்கள். காசில்லாப் பிள்ளைகள் இலட்சக்கணக்கில் களத்தில் நிற்பதால்தான் காசுள்ள பிள்ளைக்கு வைர ஆடையைக் காட்ட ஆட்கள் கிடைக்கிறார்கள் என்பதை அவர்கள் காண்பதில்லை. திருவிழாவில் கூட்டத்தைக் கூட்டுவோரும் நம்மவரே, முன்வரிசை வேறொருவருக்கு.

இந்தப் பெட்டிகளைச் செய்யும் கைகளையும் மறக்கலாகாது. 2012 ஒக்டோபரில் சீனாவின் யாந்தாய் நகரிலுள்ள தன் தொழிற்சாலையில் பதினான்கு வயதுப் பிள்ளைகள் பயிற்சியாளர் என்ற பெயரில் வேலை செய்ததைப் பொக்ஸ்கொன் நிறுவனம் ஒப்புக்கொண்டது. அடுத்த ஆண்டு அதே நகரில் பிளேஸ்டேஷன் 4ஐப் பொருத்தும் பணியில் மாணவர்களுக்கு இரவு வேலையும் மேலதிக நேர வேலையும் கொடுக்கப்பட்டதையும் ஒப்புக்கொண்டது. நமது கையிலிருக்கும் ஜோய்ஸ்டிக்கின் ஒரு திருகாணியை நமது மாணவனின் வயதொத்த ஒருவன் திருகியிருக்கக்கூடும். இதை அறிந்தும் நாம் ஆடுகிறோம். தேயிலை எப்படி வருகிறது என்று அறிந்தும் தேநீர் குடிக்கிறோம் அல்லவா, அதுபோல.

தொழிற்சங்க ஈடுபாடுள்ள நண்பர் ஒருவரிடம் இவற்றையெல்லாம் சொன்னபோது, "சம்பளமும் காணியும் தீராத இடத்தில் விளையாட்டுப் பெட்டிக்கு ஒரு கட்டுரையா?" என்று கேட்டார். கேள்வி சரியானதே. ஆனால் இருபது காம்பராப் பிள்ளைகள் ஒரு பெட்டியைச் சுற்றி அமர்ந்து முறை வைத்து ஆடிய அந்த மாலைகளை நாம் அற்பமென்று ஒதுக்க முடியாது. எட்டு மணி நேர வேலை கேட்டுப் போராடிய தொழிலாளர், மிச்ச நேரத்தைத் தமக்கென்றே கேட்டார்கள். அந்த மிச்ச நேரம் யாருடையது என்பதும் சம்பளப் பிரச்சினைதான் என்று பதில் சொன்னோம். நண்பர் இன்னும் இணங்கவில்லை.

போட்டி முடிவைச் சொல்லிவிடுகிறோம். நடுவர் மூவர், நாம் அவர்களில் ஒருவர். அந்த ஒன்றரைப் பக்கக் கட்டுரைக்கு நாம் முதலிடம் இட்டிருந்தோம். மற்ற இருவரும், தலைப்பை விட்டு விலகியது, நீளம் போதாது என்றார்கள். இரண்டும் உண்மை. நாம் அரை மணி நேரம் வாதாடினோம். பின்னர் அதிபர் காத்திருக்கிறார் என்றதும் முடிவுப் பத்திரத்தில் கையொப்பமிட்டோம். முதற்பரிசு, விழித்தெழச் சொன்ன ஒரு கட்டுரைக்குக் கிடைத்தது.

கொப்பியைத் திருப்பிக் கொடுத்தபோது பையன் புள்ளியைப் பார்த்தான், ஒன்றும் சொல்லவில்லை. தொலைபேசி என்னவாயிற்று என்று கேட்டோம். மாமி சீட்டுப் பிடித்துத் தந்த காசில் ஒரு தவணை கட்டியதும் திறந்ததாம். அடுத்த மாதம் தெரியாது என்றான். நமது வீட்டில் பழைய டீ.வி. கேம் பெட்டியொன்று இன்னும் கிடக்கிறதென்றும், இப்போது வேலை செய்யவில்லையென்றும் ஏதோ பேச்சுவாக்கில் சொன்னோம். "திறந்து பார்த்தீங்களா சேர்?" என்று கேட்டான். அந்த நானா காலமாகிப் பல ஆண்டுகளாயின. கடை இருந்த இடத்தில் இப்போது தொலைபேசி உறை விற்கிறார்கள். நாம் திறந்து பார்க்கவில்லை என்றோம்.

சனிக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறான். திருகாணி கழற்றும் ஆயுதத்தைத் தோட்டத்து மின்வேலைக்காரர் ஒருவரிடம் இரவல் வாங்கி வருவானாம். ஈயமும் பற்றுக்கோலும் நாம் வாங்கி வைக்க வேண்டும்.